சிவப்பில் எழுதிய பெயர்

1958ஆம் வருஷம் ஆவுடையார்கோவிலில் சீன எழுத்து எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், சொர்ணவல்லி, பதினொரு வயது. இன்னொருத்தி என் தங்கை ஆவுடையாள், ஒன்பது வயது. அவளையும் எழுதத் தெரிந்தவள் கணக்கில் சேர்ப்பது என் பெருந்தன்மை.

எங்களுக்கும் அந்த எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், மலாயாவில், ஈப்போ என்ற ஊரில் எங்களுக்கு ஓர் அண்ணன் இருந்தான். எங்கள் அப்பா ஆத்மநாதன், கல்யாணமான கையோடு ஆத்தாவை இங்கே விட்டுவிட்டுப் போய், அந்த ஊரில் ஒரு மரக்கிடங்கில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் காலத்தில், போனவர்கள் பாதிப் பேர் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது, ஒரு சீனத்தி அவரைப் பலகை அடுக்குகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்துச் சோறு போட்டாள். ஊருக்குக் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. ஊர் திரும்புவோம் என்ற நம்பிக்கையே போன காலம் அது. அவளுக்கும் அப்பாவுக்கும் பிறந்தவன் லோக். சண்டை முடிந்து கப்பல் விட்டதும், ஆறு மாதத்தில் வருகிறேன் என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு அப்பா கிளம்பி வந்தார். வந்தவர் வந்தவர்தான். நாங்கள் பிறந்தோம். ஆறு மாதம் பன்னிரண்டு வருஷமாயிற்று.

இதை அப்பா எங்கள் ஆத்தாவிடம் மறைக்கவில்லை. ஆத்தாவின் பெயர் காத்தாயி. அவர் வந்த புதிதில் அவள் அவரோடு பேசவே இல்லையாம். பிறகு ஒருநாள் தானாகவே, "அவ மட்டும் சோறு போடலேன்னா எனக்குத் தாலி ஏது" என்று சொன்னாளாம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

அந்த வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு இளைப்பு முற்றிவிட்டது. கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்திருப்பதே பெரிய பாடு. ஆள் எலும்பாகிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் ஈப்போவிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே ஒரு போட்டோ. பள்ளிக்கூடச் சட்டையில் பதினைந்து வயதுப் பையன். நெற்றியும் காதும் அப்படியே எங்கள் அப்பா. கூடவே ஒரு மெலிந்த நோட்டு. கடிதம் இல்லை. எழுதினால் படிக்க இங்கே ஆள் இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கு அவர்கள் பாஷை பேச வரும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இங்கிலீஷில் எழுதியிருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டு இங்கிலீஷ் கேட், ரேட் இரண்டோடு தீர்ந்துவிடும்.

அது அவன் ஒன்றாம் வகுப்பில் எழுதப் பழகிய நோட்டு. பக்கம் பக்கமாகக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு எழுத்து, எல்லாம் சிவப்பில் அச்சடித்தது. ஓரத்தில் சின்னச் சின்னப் படம். முதல் இரண்டு பக்கத்தில் மட்டும் சிவப்பு எழுத்துகளின் மேலேயே கறுப்பு மையில் யாரோ அப்பியிருந்தார்கள்.

"அவன்தான் சின்னதுல கிறுக்கியிருப்பான்" என்று அப்பா சிரித்தார். சிரித்தவருக்கு இருமல் வந்தது. இருமி ஓய்ந்ததும் நோட்டை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, "என் மேல அவனுக்குக் கோவம் இருக்குமா சொர்ணம்?" என்று கேட்டார். பதினொரு வயதுப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? "இருந்தா நோட்டு அனுப்புவானா? நாங்க படிச்சு அவனுக்கு எழுதுறோம்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் எப்போதுமே கொஞ்சம் முந்தும்.

சொன்ன பிறகு படிக்காமல் இருக்க முடியுமா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சிலேட்டை எடுத்துக்கொண்டு கட்டிலடியில் உட்காருவோம். நான் படத்தைப் பார்த்து, "அப்பா, மலை" என்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "சான்" என்பார். ஆள் படம் போட்டிருந்தால், "யன்". ஓசை அவரிடம் இருந்தது, உருவம் நோட்டில் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்கிற வேலை எங்களுடையது. ஆளுக்கு இரண்டு கால்தான் எழுத்து, தலை கிடையாது. வாய்க்கு ஒரு பெட்டி. இதெல்லாம் ஒரு எழுத்தா என்று எனக்கு முதலில் இளக்காரம். வீடு என்ற எழுத்து வந்ததும் இளக்காரம் பறந்துவிட்டது. பத்துக் கோடு, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுக்கிறது.

ஆவுடையாள் கோலம் போடுவதில் கெட்டிக்காரி. அவள் எதையும் கை எடுக்காமல் ஒரே இழுப்பாக வளைத்துச் சுற்றிக் கொண்டுவந்து சேர்ப்பாள். பார்க்க அழகாக இருக்கும், எழுத்தாக இருக்காது. ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் பொடியாக ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டிருந்தது. அந்த வரிசையில் கையை எடுத்து எடுத்து வைக்க வேண்டும் என்று நான் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. அவளுக்கு அதைப் புரியவைக்க மூன்று வாரம்.

"கை எடுத்தா கோலம் ஒடஞ்சு போவும்டி."

"இது கோலம் இல்லடி, கூமுட்டை."

இரண்டு மாதத்தில் முப்பது எழுத்து எழுதினோம். நோட்டின் மேல் மட்டும் கை வைக்கவே இல்லை. அவன் கிறுக்கினான் என்பதற்காக நாங்களும் கிறுக்குவதா? எல்லாம் சிலேட்டில்தான்.

பிறகு கடிதம். நாலே எழுத்துதான் போட வேண்டும் என்று அப்பா சொன்னார். முதலில் அவன் பெயர். அது நோட்டு அட்டையில் இருந்தது. அடுத்து வா, வீடு, அப்பா.

"அவ்வளவு தூரத்துலேருந்து எப்படி வருவான்?" என்றாள் ஆவுடையாள்.

"வர வேணாம்மா. நான் கூப்புட்டேன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

நான் பேனாவில் கறுப்பு மை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அதுவரை அடுப்படியில் இருந்த ஆத்தா, ஈரக் கையோடு வந்து நின்றாள். "நல்ல சேதிய யாராச்சும் கறுப்புல எழுதுவாங்களா? அந்தப் புள்ளைக்கு மொத மொத இந்த வீட்டுலேருந்து எழுத்துப் போவுது. நோட்டுல செவப்புலதானே இருக்கு? அது மாதிரியே எழுதுங்க" என்றாள். சிவப்பு மை அந்தக் காலத்தில் வாத்தியார் வீட்டில்தான் இருக்கும். அவளே போய் ஒரு கட்டு முருங்கைக்காயைக் கொடுத்து அரை பாட்டில் வாங்கி வந்தாள். லோக் என்ற பெயரைக் கேட்காதவள்போல் பன்னிரண்டு வருஷம் இருந்தவள் அவள். அன்றைக்கு எனக்கு ஆத்தாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அவன் பெயரைப் பெரிதாக நான் எழுதினேன். வா, அப்பா இரண்டும் நான்தான். வீடு எழுதியே தீருவேன் என்று ஆவுடையாள் அழுததால் அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். ஒரு கோட்டை விட்டுவிட்டாள். எல்லாம் பளிச்சென்று சிவப்பு. ஆத்தா நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். இங்கிலீஷ் விலாசத்தைப் பார்த்து எழுதினால் தப்பு வரும் என்று, பொட்டலத்தின் மேல் இருந்த அவன் விலாசத்தையே கத்தரித்துப் புதுக் கவரில் ஒட்டி அனுப்பிவிட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து சவரியப்பன் மாமா அப்பாவைப் பார்க்க வந்தார். ஈப்போவில் இருபது வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்து இங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவர். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நான் பெருமையாக, மிச்சமிருந்த மையில் லோக்கின் பெயரை எழுதிக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இதையா அனுப்புனீங்க? செவப்புலயா?"

"ஆமாண்ணே. நல்ல சேதின்னு நான்தான் சொன்னேன்" என்றாள் ஆத்தா.

"அடப் பாவமே. தங்கச்சி, அங்கிட்டு உசுரோட இருக்கவங்க பேரைச் செவப்புல எழுத மாட்டாங்க. செத்தவுக பேரு மாதிரி ஆயிரும். கடுதாசியே செவப்புல வந்துச்சுன்னா, ஒனக்கும் எனக்கும் ஒறவு அத்துப்போச்சுன்னு அர்த்தம்."

ஆத்தா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "நோட்டுலயே செவப்புலதானே இருக்கு!" என்று நான் கத்தினேன். அது ஏனென்று அவருக்கும் தெரியவில்லை. அவர் சீனப் பள்ளிக்கூடத்துக்குப் போனவரா என்ன?

உடனே கறுப்பில் இன்னொன்று எழுதிப் போட்டுவிடலாம். ஆனால் விலாசம்? அதைத்தான் என் மூளை கத்தரித்து ஒட்டிவிட்டதே. பழைய மரக்கிடங்கு எப்போதோ மூடியாயிற்று. இப்போது அவர்கள் இருக்கிற தெரு அப்பாவுக்கும் தெரியாது.

சவரியப்பன் மாமா போன பிறகு ஆத்தா எங்களை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். "அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது" என்றாள். அதட்டுகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் அழுகிறாள். "வேணும்னே நான் எழுத வச்சேன்னுதானே அந்தப் புள்ள நெனைக்கும்? அவன் ஆத்தாளும் அப்படித்தானே நெனைப்பா? எனக்குச் சோறு போட்ட மவராசிக்கு நான் செஞ்சது இதுதானா?" அந்தச் சீனத்தி ஆத்தாவுக்கு எங்கே சோறு போட்டாள் என்று ஆவுடையாள் கேட்க வாயெடுத்தாள். நான் அவள் தொடையில் கிள்ளினேன்.

அதிலிருந்து போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டாலே நான் வாசலுக்கு ஓடுவேன். அப்பாவோ அந்த மணிக்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவர்போல் தலையைத் தூக்குவார். "இங்கிட்டு வாரானா?" என்பார். "இல்லப்பா, அடுத்த தெருவுக்குப் போறாரு" என்பேன். ஒருநாள் அவர், "கோவம்தான் போலிருக்கு. இருக்கட்டும், ஞாயம்தானே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவனுக்குக் கோபம் இருந்தால் அது என் கையெழுத்தால் வந்த கோபம். அதைச் சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல், மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்து அழுதேன்.

ஏழாவது வாரம் கவர் வந்தது. போஸ்ட்மேன் கையிலிருந்து ஆத்தாவே பிடுங்கிக்கொண்டாள். அப்பா பார்ப்பதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று வாசலிலேயே கிழித்தாள். உள்ளே மடித்த தாளின் மூலையில் மஞ்சள் தெரிந்தது.

"நம்ம தாளு. திருப்பி அனுப்பிட்டான்" என்றாள்.

நான் வாங்கிப் பிரித்தேன். எங்கள் தாள்தான். ஆனால் சிவப்பு இல்லை. நாலு எழுத்தும் கன்னங்கரேல் என்று இருந்தன. உற்றுப் பார்த்தால் ஓரங்களில் மயிரிழைபோல் எங்கள் சிவப்பு. நாங்கள் போட்ட ஒவ்வொரு கோட்டின் மேலும், கோணலாகப் போன இடத்தில்கூடக் கோணலோடு சேர்த்து, தூரிகையால் நிதானமாக எழுதியிருந்தான். வீடு என்ற எழுத்தில் ஆவுடையாள் விட்ட கோட்டை மட்டும் புதிதாகப் போட்டிருந்தான்.

ஓடிப்போய் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தேன். அங்கேயும் சிவப்பின் மேல் கறுப்பு. அது கிறுக்கல் இல்லை. அந்த நோட்டில் எழுதுகிற முறையே அதுதான். சிவப்பு, பிள்ளைகள் மேலே எழுதிப் பழகுவதற்காக அச்சடித்தது. அவன் எங்கள் தப்பைப் பார்த்திருக்கிறான். எங்கிருந்து வந்த தப்பு என்றும் புரிந்துகொண்டிருக்கிறான். நாங்கள் போட்டு அனுப்பிய பாடத்தை எழுதி முடித்து அனுப்பிவிட்டான்.

தாளை அப்பாவிடம் கொடுத்தேன். சிவப்பு மை கதை முழுவதையும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்தார். லோக். வா. வீடு. கடைசி எழுத்தில் விரல் நின்றுவிட்டது.

"காத்தாயி, இங்க பாரு. அவன் கையால அப்பான்னு எழுதியிருக்கான்" என்றார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

ஆத்தா தாளை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "அழுதது போதும், மை கரைஞ்சிரும்" என்றாள். அதை முந்தானையால் ஒற்றிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "அந்த நோட்டுல ஆத்தாங்குற எழுத்து இருக்காடி? அவளுக்கும் ஒண்ணு எழுதணும். கறுப்புலயே எழுதுங்க."