கட்டிலுக்கு அடியில் ஒரு கம்பம்

கடலோரக் கம்பம் ஒன்றை, ஒரு முழுக் கிராமத்தையே, முப்பது வருடம் என் கட்டிலுக்கு அடியில் வைத்துக் காப்பாற்றியவன் நான். படகுத்துறை, அலையாத்திக் காடு, அம்மன் கோயில் எல்லாம் சேர்த்து. மழைக்காலத்தில் மெத்தையெல்லாம் உப்புக்காற்று. ஒருமுறை தலையணையில் நண்டே ஏறியது.

சரி, நண்டு பொய். கம்பம் மெய். நில அளவை ஆபீசில் கழித்துப் போட்ட, வெள்ளைக்காரன் காலத்து வரைபடம். பின்னால் துணி ஒட்டியது. என் மனைவி புஷ்பவல்லி பிறந்த, கிள்ளான் பக்கத்துக் கம்பம் பாக்காவ் அதில் இருந்தது. கிள்ளானுக்குத் தீமிதி பார்க்கப் போக முடியாத வருடங்களில், எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலேயே அதை விரித்து, கோயில் குறியின் மேல் குங்குமம் வைத்துக் கும்பிடுவாள்.

இப்போது அங்கே அடுக்குமாடி வரப்போகிறது. கோயில் நேற்று முளைத்தது என்கிறது அதைக் கட்டும் கம்பெனி. ஷா ஆலத்தில் நடக்கப்போகும் நில விசாரணையில் அதற்கு ஒரே பதில் என் வரைபடம். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளக் கோயில் கமிட்டித் தலைவர் தனேஷ் கெஞ்சினார். கண்பட்டுவிடும் என்று நான் விடவில்லை.

பிறகு மைத்துனன் ஜெயராஜ் வந்தான். என் கல்யாணத்தில் என் மடியில் உட்கார்ந்து ஒரு லோரி லட்டு தின்றவன்.

"மாமா, அழுக்கா இருக்கு. குடுங்க, கிளீன் பண்ணி பிரேம் போட்டுத் தரேன்."

கொடுத்தேன்.

விசாரணைக்கு முதல் நாள் கண்ணாடிச் சட்டத்தில் திரும்பி வந்தது. குங்குமம் இல்லை. அதன் அடியில் இருந்த குறியும் இல்லை. சட்டத்தைப் பிரித்தேன். பிளேடால் சுரண்டிய இடத்தில் காகிதம் போய்த் துணி தெரிந்தது.

"புஷ்பா, ஒன் தம்பி ஆத்தாவையே வழிச்சுத் தின்னுட்டான்."

"வாயக் கழுவுங்க! நண்டுக் கதையெல்லாம் அவன் மேல ஏத்தாதீங்க. அந்தக் கோயில்ல அலகு குத்துன புள்ள அவன். பிரேம் கடக்காரன் தேச்சிருப்பான்."

"அப்ப நீயே கேளு."

போனை எனக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டாள். "தம்பி, மாமா என்னென்னமோ சொல்றாரு. கோயில் குறிய நீ தொடலன்னு ஒரு வார்த்த சொல்லுடா."

லோரி இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"அக்கா, கம்பெனில சூப்பர்வைசர் வேல போட்டுக் குடுத்துருக்காங்க லா. கோயில வேற எடத்துல பெருசா கட்டித் தருவாங்க. ஆத்தா எங்க இருந்தா என்னக்கா?"

அவள் போனை வைத்தாள். கூட்டிச் சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

"நீங்க சொன்னது நெசந்தாங்க," என்றாள். "அவன்தான் சுரண்டியிருக்கான். நாளைக்கு ஷா ஆலத்துல நானே சொல்றேன்."