பால் மணி

பால் மணி அடித்தது. அறுந்த இழையை அஞ்சலாட்சி முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள், மிஷினுக்கு அந்தப் பக்கம் நின்ற அமிர்தவல்லி முந்தானையிலிருந்த பஞ்சுத் தூசியை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"அக்கா, எம் பக்கத்தையும் ஒரு கண்ணு பாத்துக்கோக்கா. பய இந்நேரம் தொண்டை கிழியக் கத்திகிட்டு இருப்பான்."

"போ தாயே, போ. மகாராணி மெதுவாவே வா."

சொன்னது அமிர்தவல்லியின் காதில் விழுந்ததோ என்னவோ. அவள் ரீலிங் கூடத்தின் வாசலைத் தாண்டி, வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் அப்போதே நனைந்திருந்தது. அந்த ஈரத்தைப் பார்த்ததும் அஞ்சலாட்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரீலிங்கில் ஒரு மிஷினுக்கு இரண்டு பெண்கள், பக்கத்துக்கு ஒருத்தி. கண்டுகளிலிருந்து நூல் ஓடிவந்து, சுழலும் சட்டத்தில் வளைய வளையமாக, சிட்டமாகச் சுற்றும். இழை அறுந்தால் நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். சாயங்காலம் சிட்டங்களை எண்ணும்போது மேஸ்திரி இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எண்ணுவார். ஒருத்தி போய்விட்டால் இன்னொருத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அல்லாட வேண்டியதுதான்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்குகிற வரைக்கும் இந்த வம்பெல்லாம் கிடையாது. பெற்றவள் பிள்ளையை வீட்டில் போட்டுவிட்டு வருவாள். பால் கட்டிக்கொண்டால் சுவரோரம் திரும்பி நின்று பீய்ச்சி விடுவாள். கொடி மாறிய பிறகு ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற மில்லில் பிள்ளைகளுக்குத் தொட்டில் அறை வேண்டும், பால் கொடுக்க நேரம் விட வேண்டும், இதுதான் சட்டம் என்றார். இந்த மில்லில் ஐம்பதுக்கு மேல் பத்துப் பெண்கள் இருந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே கழிவுப் பஞ்சுக் கிடங்கை ஒழித்து, தொட்டில் கட்டி, குஞ்சம்மாளை ஆயாவாகப் போட்டார்கள். காலையில் ஒரு தரம், பிற்பகலில் ஒரு தரம் மணி அடிக்க ஆரம்பித்தார்கள்.

மணி அடித்தால் பெற்றவர்கள் எல்லாம் ஓடுவார்கள். அஞ்சலாட்சி மட்டும் நிற்பாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். சுற்றாத கோயில் இல்லை, விழுங்காத பச்சிலை இல்லை. மாமியார் வாய் ஓயாமல் சேதராப்பட்டுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். சேதராப்பட்டில் அவள் மகள் வயிற்றுப் பேத்தி ஒருத்தி சமைந்து நிற்கிறாள், அவளை மகனுக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைக்க வேண்டுமாம். கூடவே ஒரு காணி நிலமும் நிற்கிறது.

"எங்கம்மா கொண்டாந்து வெக்கிறது?" என்று புருஷன் பாவாடை சொல்லுவான். துறைமுகத்தில் மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட மனிதன். "இவ கூலிலதான் நாம மூணு பேரும் கஞ்சி குடிக்கிறோம். இவளைப் பகைச்சுகிட்டு இன்னொருத்தியா? மில்லுக்கு ஒரு நாள் போவலைன்னா அடுப்பு எரியுமா?"

அவன் நல்ல மனசோடு சொன்னானா, கணக்குப் பார்த்துச் சொன்னானா என்று அஞ்சலாட்சி ஆராய்ந்ததில்லை. ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியும். மில் வேலை இருக்கிற வரைக்கும் சேதராப்பட்டுக்காரி இந்த வாசற்படி ஏற மாட்டாள். வேலை போனால் மறு முகூர்த்தத்திலேயே ஏறிவிடுவாள்.

அமிர்தவல்லி பக்கத்து நூல் சிக்கிக்கொண்டு நின்றது. கூப்பிடப் போகிற சாக்கில் அஞ்சலாட்சி தொட்டில் அறைக்குப் போனாள். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. அமிர்தவல்லி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் அவள் மகன், மறுபக்கம் பாபின் கூடத்துக் கமலவேணியின் பெண் குழந்தை. இரண்டும் முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. கமலவேணி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காய்ச்சலில் பால் வற்றிப்போயிருந்தது.

"ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் குஞ்சம்மாள். சொல்லிக்கொண்டே திரும்பியவள் அஞ்சலாட்சியைப் பார்த்தாள். அவசரமாக எழுந்து, அமிர்தவல்லியின் முந்தானையை இழுத்து இரண்டு பிள்ளைகளையும் மூடினாள்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதாம். அஞ்சலாட்சிக்கு நெஞ்சு காந்தியது. ஊருக்கெல்லாம் ஊற்றுகிற அளவுக்கு அவளுக்கு. இவளுக்குப் பார்க்கக்கூடக் கிடையாது.

"நூலு சிக்கிக் கெடக்குது. வந்து பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அமிர்தவல்லி பின்னாலேயே ஓடிவந்தாள். சிக்கெடுக்கக் குனிந்தபோது அவள் ரவிக்கையிலிருந்து குப்பென்று வேப்பெண்ணெய் வாடை அடித்தது. அஞ்சலாட்சியின் கை நின்றது. மாரில் வேப்பெண்ணெய் தடவுவது எதற்கென்று ஊரில் யாருக்குத்தான் தெரியாது? கசப்புக்குப் பயந்து பிள்ளை பால் மறக்கட்டும் என்றுதான் தடவுவார்கள். அடி கள்ளி! இவள் தன் பிள்ளைக்குப் பால் மறக்கடித்துவிட்டாள். மறந்த பிள்ளையைச் சும்மா மடியில் போட்டுக்கொண்டு, கமலவேணிப் பிள்ளைக்கு ஊற்றிப் பேர் வாங்கிக்கொண்டு, நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். இங்கே ஒருத்தி ரெண்டு பக்கமும் பேயாய் அலைகிறாள். அந்தப் பிள்ளை முட்டிக் குடித்ததைச் சற்று முன்தான் அஞ்சலாட்சியே கண்ணால் பார்த்திருந்தாள். ஆனால் எரிகிற வயிற்றுக்குக் கண் ஏது?

அன்று சாயங்காலம் மேஸ்திரி கோவிந்தசாமி சிட்டங்களை எண்ணிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா அஞ்சலாட்சி, உன் மிஷின்தான் கடைசி. தூங்குறீங்களா ரெண்டு பேரும்?"

அமிர்தவல்லி பிள்ளையைத் தூக்க முன்னாலேயே போய்விட்டிருந்தாள். அஞ்சலாட்சி சுற்றும் முற்றும் பார்த்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நான் ஏன் தூங்குறேன்? பால் மறந்த புள்ளைக்குப் பால் குடுக்கப் போறேன்னு போயி காத்து வாங்கினா சிட்டம் எப்பிடி ஏறும்?"

"யாரு, அமிர்தவல்லியா? புள்ள பால் மறந்துட்டானா?"

"அவ மேல வேப்பெண்ணெ நாறுது. மோந்து பாருங்க."

அவள் நினைத்ததெல்லாம் அமிர்தவல்லியும் தன்னைப் போல மணி அடிக்கும்போது மிஷினில் நிற்க வேண்டும் என்பதுதான். அன்றைக்கு ராத்திரி சோறு ருசியாக இறங்கியது.

மேஸ்திரி மானேஜரிடம் போனார். மில்லுக்கெல்லாம் பெரியவரான மானேஜரை எல்லோரும் முசே என்றுதான் சொல்லுவார்கள். முசே ஏற்கெனவே கொதித்துப் போயிருந்தார். தொட்டில் அறைக்குத் தளம் போடு, தண்ணீர்க் குழாய் வை, பிள்ளை பெற்றவளுக்கு லீவுச் சம்பளம் கொடு என்று இன்ஸ்பெக்டர் மறுபடியும் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. பால் மறந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெண்கள் ஏமாற்றுகிறார்கள், இனிமேல் பால் மணி கிடையாது என்று உத்தரவு வந்தது. அமிர்தவல்லிக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும்தான்.

மறுநாள் மணி அடிக்கவில்லை. மிஷின்களின் இரைச்சலுக்கு நடுவே, கிடங்குப் பக்கமிருந்து பிள்ளைகளின் அழுகை மெல்லியதாக வந்துகொண்டேயிருந்தது. அமிர்தவல்லி உதட்டைக் கடித்துக்கொண்டு நூலைப் பார்த்தாள். மார் கல்லாக இறுகி, ரவிக்கை நனைந்து, இடுப்புச் சேலை வரைக்கும் பால் இறங்கியிருந்தது. பஞ்சுத் தூசி அதில் அப்பிக்கொண்டது.

"எவளோ போட்டுக் குடுத்துட்டாக்கா" என்றாள், இழையை முடிந்துகொண்டே. "எம் மேல வேப்பெண்ணெ வாடை அடிச்சிதாம். அதனால பால் மறக்கடிச்சிட்டேனாம். மேஸ்திரியே சொல்றாரு. பய தலை பூரா செரங்குக்கா. அதுக்குத் தடவுனது. அவன் தலைய முட்டி முட்டிக் குடிக்கிறான், எம் மேல வாடை அடிக்காம இன்னா பண்ணும்?"

சிரங்கா! அஞ்சலாட்சி அந்தப் பிள்ளையின் தலையைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. பார்க்கத்தான் யாரும் விட்டதில்லையே.

"எவ சொல்லியிருப்பான்னு நெனைக்கிற?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எவளோ வயித்தெரிச்சல் புடிச்சவ. நல்லா இருக்கட்டும்."

பாவம் என்று ஒரு பக்கம் தோன்றியது. இவளும் இப்போது என்னைப் போல நிற்கிறாள் என்று இன்னொரு பக்கம் ஒரு சின்னக் குளிர்ச்சியும் இருந்தது. அதை அஞ்சலாட்சியால் மறைத்துக்கொள்ள முடிந்தது, இல்லையென்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அந்தக் குளிர்ச்சி சம்பள நாள் வரைக்கும்கூட நிற்கவில்லை. ஆபீஸில் யாரோ சட்டத்தை இன்னொரு தரம் படித்திருக்கிறார்கள். ஐம்பதுக்கு மேல் போனால்தானே தொட்டில் அறை? பெண்களை ஐம்பதுக்குக் கீழே இறக்கிவிட்டால் அறையும் வேண்டாம், ஆயாவும் வேண்டாம், இன்ஸ்பெக்டரும் வாயைத் திறக்க முடியாது. யாரை இறக்குவது என்பதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார்கள். பிள்ளை பெற்றவளும் பெறப் போகிறவளும் போக வேண்டும். அவர்கள் மிஷின்களுக்கு ஆண்களைப் போட்டுக்கொள்ளலாம். அதற்குள்ளேயே மில் கேட்டில் ஆண்கள் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"யாரு பேச்சைக் கேட்டு ஆடுனானுங்களோ" என்று மூட்டை கட்டிக்கொண்டே புலம்பினாள் குஞ்சம்மாள். தொட்டில் கயிறுகளை அவிழ்த்து, ஆட்கள் அங்கே மறுபடியும் கழிவுப் பஞ்சை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆபீஸ் வராந்தாவில் பெண்களை வரிசையாக நிறுத்தினார்கள். உள்ளே மின்விசிறிக்கு அடியில் முசே உட்கார்ந்திருந்தார். வாசலில் நாற்காலி போட்டு ரைட்டர் ராமலிங்கம். வரிசையில் அஞ்சலாட்சிக்குப் பின்னால் அமிர்தவல்லி, அவளுக்குப் பின்னால் கமலவேணி. அஞ்சலாட்சி பயப்படவில்லை. தன்னை அனுப்ப என்ன காரணம் இருக்கிறது? அவளால் மில்லுக்குத் தொட்டிலும் செலவில்லை, தொந்தரவும் இல்லை.

"கல்யாணம் ஆச்சா?" என்றார் ராமலிங்கம்.

"ஆச்சுங்க. பதினஞ்சு வருஷம்."

"அப்ப அந்தப் பக்கம் போ."

அந்தப் பக்கம் என்றால் மில் கேட்டுப் பக்கம், வேலை போயிற்று என்று அர்த்தம்.

"ஐயா, எனக்குப் புள்ள இல்லீங்க! விசாரிச்சுப் பாருங்க. மேஸ்திரியக் கேளுங்க."

"இப்ப இல்லம்மா. கழுத்துல தாலி தொங்குதே. நாளைக்கே உண்டாகி வந்து நின்னா? சட்டம் பேச ஒருத்தன் வருவான்."

"ஆவ மாட்டேங்க."

"அது எப்பிடி உனக்குத் தெரியும்?"

சேதராப்பட்டுக்காரி வாசற்படியில் காலை எடுத்து வைப்பது அஞ்சலாட்சியின் கண்ணில் தெரிந்தது. பாவாடை நகர்ந்து வழி விடுவதும் தெரிந்தது.

"தெரியுங்க. இத்தினி வருஷமா இல்ல. இனிமேலும் இல்ல."

ராமலிங்கம் உள்ளே திரும்பி பிரெஞ்சில் ஏதோ சொன்னார். முசே காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்டார்.

"முசேக்கு மிஷின் சத்தத்துல காது கேக்கலையாம். அவரப் பாத்து ஒரக்கச் சொல்லு. நாளைக்குப் பேச்சு மாறக்கூடாது."

பதினைந்து வருஷமாக மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லிவந்த வார்த்தை. மாமியார் சொல்லும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அழுத வார்த்தை. அஞ்சலாட்சி ஒரு அடி முன்னால் வைத்து, தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினாள்.

"எனக்குப் புள்ள பொறக்காது முசே! நான் மலடி! மலடிங்க நான்!"

முசே தலையை ஆட்டினார். ராமலிங்கம் மிஷின் கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"சரி, போய் வேலையப் பாரு. அடுத்தவ யாரு?"

அடுத்தவளிடம் அவர் எதையும் கேட்கவே இல்லை. நனைந்த ரவிக்கையைப் பார்த்ததுமே கேட்டுப் பக்கம் கையைக் காட்டிவிட்டார். அஞ்சலாட்சி தலையைக் குனிந்துகொண்டு திரும்பியபோது, அமிர்தவல்லி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் கேலி இல்லை, இரக்கமும் இல்லை. ஆசையாக, ஆற்றாமையாக, அஞ்சலாட்சியை மேலும் கீழும் பார்த்தாள்.

"குடுத்து வெச்சவக்கா நீ" என்றாள்.

அவளுக்குப் பின்னால் வரிசை அசைந்தது. கமலவேணி முந்தானையால் கழுத்தை மறைத்துக்கொண்டு, தாலியை ரவிக்கைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். அவளைப் பார்த்து அவளுக்குப் பின்னால் நின்றவளும் தள்ளினாள், அவளுக்கும் பின்னால் நின்றவளும்.