அடியில்லாத ஜாடி

என் மாமியார் வீட்டில் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர். எனக்கு மட்டும் ரோஸ் நிற பிளாஸ்டிக் கப். கல்யாணமான முதல் வாரத்தில் நான் ஒரு பழைய கண்ணாடி ஜாடியை உடைத்ததால் வந்த ஏற்பாடு இது. என் பெண் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரிக்கே போய்விட்டாள். கப் மாறவில்லை.

அந்த ஜாடியை என் மாமனாரின் தாத்தாவுக்கு யாரோ ஒரு பெரிய அதிகாரி கொடுத்தாராம். குண்டு வயிறு, மூன்று குட்டிக் கால்கள், தலையில் கண்ணாடி மூடி. அலமாரி உச்சியிலிருந்து அதை இறக்கி மேலாகத் துடைத்து, விருந்தாளிகள் முன்னால் பழச்சாறு ஊற்றியது நான்தான். கொஞ்ச உயரம் வரை நின்றது. அதற்கு மேல் போனதும் அடி வழியாகக் கொட்டி, மேஜையில் ஓடி, என் கணவரின் பெரியப்பா மடியில் இறங்கியது. திருப்பிப் பார்த்தால் நடு அடியில் எலுமிச்சம்பழம் போகிற அளவுக்கு ஓட்டை. "ஐயையோ, உடைச்சுட்டாளே!" என்று மாமியார் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. உடைந்த துண்டு எங்கே என்று யாரோ கேட்டார்கள். அதையும் நானே ஒளித்துவிட்டதாக முடிவானது.

போன வாரம் என் வீட்டுக்காரர், பழைய கண்ணாடிச் சாமான்களைப் பழுது பார்க்கும் கடை ஒன்று இருப்பதாகச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. ஜாடிக்கு அடி போட்டுவிட்டால் எனக்கும் ஒரு டம்ளர் கிடைக்கும்.

"உடைஞ்சது உடைஞ்சதுதான். அதை எதுக்கு இப்பப் போய்க் கிளறணும்?" என்றார் மாமியார்.

"நீங்க சிரமப்படாதீங்க அத்தை. நான் எடுத்துட்டுப் போய்ட்டு வரேன்."

"உன் கையில கண்ணாடியையா? நல்லா இருக்கு! நானே வரேன்."

பஸ்ஸில் ஜாடியை மடியில் வைத்துக் கைக்குழந்தையைப் போல அணைத்தபடி வந்தார். பிரேக் போட்டபோதெல்லாம் என்னை முறைத்தார். பஸ்ஸை நான் ஓட்டவில்லை.

கடைக்காரம்மா ஜாடியைத் தலைகீழாக்கி, ஓட்டையின் விளிம்பில் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இதுக்கு எதுக்கும்மா அடி?"

"உடைஞ்சிருக்கே," என்றேன்.

"உடைஞ்சிருந்தா இந்நேரம் என் விரல் கிழிஞ்சிருக்கும். தொட்டுப் பாருங்க. தீயில வாட்டி வழவழன்னு ஆக்கின விளிம்பு. இது ஈ பிடிக்கிற ஜாடி. ஓட்டையைச் சுத்தி உள்பக்கம் பள்ளம் இருக்கு பாருங்க, அதுல சர்க்கரைத் தண்ணி ஊத்தி வைப்பாங்க. ஈ கீழ வழியா உள்ள போகும். வெளிய வரத் தெரியாம தண்ணியில விழுந்து சாகும்."

பிறகு பூதக்கண்ணாடியை வைத்து ஒரு காலைப் பார்த்தார். பொடியாக ஒரு மணியின் அச்சு இருந்தது. "மணி மார்க். மருந்து பாட்டில் செஞ்ச கம்பெனி. வெயில் காலத்துல ஈ ஜாஸ்தியாச்சுன்னா இதையும் செஞ்சு வித்தாங்க."

ஆக, பெரிய அதிகாரி என் மாமனாரின் தாத்தாவுக்கு ஈப்பொறி கொடுத்திருக்கிறார். அந்த வீட்டைப் பற்றி அவருக்கு என்ன அபிப்பிராயமோ.

ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எத்தனை வருஷப் பேச்சு, எத்தனை வருஷ பிளாஸ்டிக் வாடை! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று மாமியார் பக்கம் திரும்பினேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"அப்ப, செய்யும்போதே இப்படித்தானா?" என்று கடைக்காரம்மாவிடம் கேட்டார்.

"ஆமாம்மா."

"அப்ப நான் உடைக்கலையா?"

"மருமக உடைக்கலைன்னு சொல்லுங்க அத்தை," என்று திருத்தினேன்.

"உன்னைச் சொல்லலடி. என்னைச் சொல்றேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் கல்யாணமாகி வந்த புதுசுல, யாரும் இல்லாதப்ப இதுல தண்ணி ஊத்திப் பார்த்தேன். அப்படியே கொட்டிடுச்சு. என் மாமியாருக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பாங்க. சத்தம் போடாமத் துடைச்சு மேல ஏத்திட்டேன். அன்னைக்கு நீ எடுத்து ஊத்தினதும் என் வாய் முந்திக்கிச்சு."

நாலு கேள்வியையும் விட்டுவிட்டேன். ஆத்திரம் மட்டும் அப்படியே இருந்தது.

வெளியே வந்ததும் ஜாடியை என்னிடம் நீட்டினார். "நீயே பிடி."

"வேண்டாம். நீங்களே வெச்சுக்குங்க," என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரே டீ போட்டார். கண்ணாடி டம்ளர் ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு, ரோஸ் கப்பை எடுத்துத் தனக்கு ஊற்றிக்கொண்டார்.

"அதுல பிளாஸ்டிக் வாடை அடிக்கும்," என்றேன்.

"அடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் குடித்தார்.