ஒரு நாள் லீவு

காட்டுத்தீ அணைக்கும் தற்காலிக வேலையில் சேர்ந்த மதன்குமாருக்குக் கோடைக்கு முன்னே சிறுமலை முகாமில் மூன்று வாரப் பயிற்சி. முதுகில் மணல் மூட்டையோடு மலை ஏற வேண்டும். தீயே இல்லாத தரையைப் பச்சைக் கிளையால் மாங்குமாங்கென்று அடித்து அணைக்க வேண்டும். இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு நாள் லீவு விட்டார்கள்.

வீட்டுக்குப் போகத் திண்டுக்கல் பஸ்ஸில் உட்கார்ந்தான். கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் இரண்டு கால்களும் மரத்துவிட்டன. கிள்ளிப் பார்த்தான். யார் காலையோ கிள்ளியது போலிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

"எறங்கலையா அப்பு?" என்றார் கண்டக்டர்.

தூக்கி இறக்கிவிடச் சொல்லலாம். ஆனால் தினமும் முகாம் வாசலில் நிற்கிற பஸ் இது. அவர் அங்கே வாயை விட்டால் நாளைக்கே வேறு ஆளைச் சேர்த்துவிடுவார்கள்.

"இல்லண்ணே, திரும்ப மேலதான் போறேன். டிக்கெட் குடுங்க."

மனைவி ஹரிணி போனில், "கறிக்குழம்பு கொதிக்குது, எங்க வாரீங்க?" என்றாள்.

"லீவு இல்லன்னுட்டாங்க." சொல்லும்போது அவனுக்கு வருத்தம்கூட வரவில்லை.

மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது இடது காலில் மட்டும் உயிர் வந்திருந்தது. கம்பியைப் பிடித்துத் தொங்கி இறங்கினான்.

முகாம் வாசலில் நின்ற பயிற்சி அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராத்திரி வரைக்கும் லீவு குடுத்தும் மத்தியானமே வந்து நிக்கிற. நீதான்யா ஆளு!" என்று முதுகில் தட்டினார். "நாளையிலருந்து உனக்கு ரெண்டு மூட்டை."

"சரிங்கய்யா," என்றான் மதன்குமார்.