மூன்று வாரத் தாடி

“எங்கப்பா மூஞ்சியப் பாத்தீங்களா நீங்க? கண்ணத் தொறந்து பாத்தீங்களா?”

மேசையில் அறைந்த கை வலித்தது. ஆனாலும் மகள் இன்னொரு முறை அறைந்தாள். ஆண்கள் வார்டின் தலைமை நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

காலை பத்து மணிக்கு அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னும் ஒரு மணி நேரத்தில் வண்டி வந்துவிடும். வீட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடிவிட்டது. அத்தனை பேர் கண்ணும் விழப்போகிற முகத்தில் மூன்று வாரத் தாடி, உதட்டோரம் பால் காய்ந்து ஒட்டிக் கிடக்கிறது. யாருக்கு? நாற்பது வருடம் அடுத்தவர் உடம்புக்கு அளவெடுத்த டெய்லர் மாஸ்டருக்கு. காய்ச்சலில் கிடந்தாலும் சவரம் செய்யாமல் பல்லில் பச்சைத் தண்ணீர் படவிடாத மனிதருக்கு!

“இதுக்குப் பேரு ஆஸ்பத்திரியா? யாரு பொறுப்புன்னு எழுதிக் குடுங்க. நான் சும்மா விடப்போறதில்ல.”

சும்மா விடுகிறவளும் அல்ல. புகார் எழுதுவதில் பழம் தின்று கொட்டை போட்டவள். தண்ணீர் வராத குழாய், நிற்காமல் போன பஸ், எரிந்து விழுந்த கிளார்க் என்று எதுவும் அவள் பேனாவுக்குத் தப்பியதில்லை. அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் ‘புகார்ப் பெட்டி’ என்று பெயர். அதில் உள்ளூரப் பெருமைதான் அவளுக்கு.

நர்ஸ் ஒரு ஃபைலைப் பிரித்து, தாள் ஒன்றை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

மூன்று வாரத்துக்கு முன்பு அவளே கைப்பட எழுதிக் கொடுத்த புகார். ‘சிறைக்குப் போய் வந்த ஒருவன் கையில் சவரக்கத்தியைக் கொடுத்து என் தந்தையின் கழுத்தருகே விட்டிருக்கிறீர்கள். இந்த ஆள் இனி அவருடைய கட்டிலை நெருங்கக் கூடாது.’ கடைசிச் சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு வேறு.

“சவரம் பண்ணிட்டிருந்த அந்த வார்டு ஆள மாத்துனப்புறம் நாலு பேர அனுப்பிப் பாத்தேம்மா. தொட விட்டாத்தானே? செவுத்துப் பக்கம் திரும்பிக்குவாரு. ‘அவன் வரட்டும்’பாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“உங்கப்பாவே சொன்னாரேம்மா.”

சொன்னார்தான். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. “லீவுல போயிருக்காருப்பா, வந்துடுவாரு” என்று அவளும் மூன்று தடவை கூசாமல் புளுகினாள். அப்பாவைக் காப்பாற்றுவதாக நினைப்பு. தாடி வளர்வது கண்ணில் பட்டபோதும், வேறு யாராவது மழித்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம், கேண்டீனில் யாரோ ‘எட்டு வருஷம் உள்ள இருந்த ஆளு’ என்று பேசியது காதில் விழுந்தது மட்டும்தான். எதற்காக உள்ளே போனார், இங்கே எத்தனை வருடமாக இருக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. கத்தியும் கழுத்தும் கண்ணுக்குள் வந்து நின்றன; உட்கார்ந்து எழுதிவிட்டாள்.

ஆத்திரம் கொஞ்சமும் அடங்கவில்லை. யார் மேல் காட்டுவது என்பது இப்போது தெரிந்துவிட்டது, அதுதான் தொல்லை.

“அவரு எங்க இப்ப?”

“கீழ, சலவை ரூம்ல. நீங்களே போய்க் கேளுங்க.”

ஐம்பது வயது மனிதர் ஈரச் சூட்டில் நின்று போர்வை மடித்துக்கொண்டிருந்தார். படியிறங்கும்போது அவள் சேர்த்து வைத்த மரியாதையான வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன.

“ஏன் இப்படி எழுதுனேன்னு எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

அவர் போர்வையின் நான்கு மூலையையும் சேர்த்தார். “கேட்டா அதையும் எழுதியிருப்பீங்க.”

எழுதியிருப்பாள்.

“அப்பா போயிட்டாரு. தாடியோட.”

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. “மாஸ்டரா?” பிறகு வெகுநேரம் கையைத் துடைத்தார். “நான் அங்க வரக் கூடாதும்மா. எங்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்காங்க.”

“எழுதுனது நான். நானே கிழிக்கிறேன். வாங்க.”

படியில் அவர் பின்னால் வர, அவள் முதுகில் ஒரு கூச்சம் ஓடியது. இன்னுமா போகவில்லை இந்தச் சனியன் பிடித்த பயம் என்று தன்மேலேயே சீறினாள். நின்று, அவர் வந்து சேர்ந்ததும் பக்கத்தில் நடந்தாள்.

தாளைக் கிழிக்க நர்ஸ் விடவில்லை. ஆகவே அதன் அடியிலேயே எழுதினாள்: ‘நான் மேலே எழுதியது அநியாயம். இவரை உள்ளே விடுங்கள்.’ எத்தனையோ பக்கம் எழுதிய கைக்கு அந்த இரண்டு வரிக்குள் வேர்த்துவிட்டது. நர்ஸ் படித்துவிட்டு, சவரப் பெட்டியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“மாஸ்டர், வந்துட்டேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் அவர் நுரை போட்டார். கத்தி முதலில் கழுத்தில் இறங்கியது. அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் நின்றாள். கீழிருந்து மேலாக, ஒரு கீறல் இல்லாமல், அப்பாவின் கழுத்து வெளியே வந்தது.

“கன்னத்த உப்புங்க மாஸ்டர்.”

பழக்கத்தில் வந்துவிட்டது. சொல்லிவிட்டு, வழக்கம்போல ஒரு கணம் காத்திருந்தார். பிறகுதான் அவருக்கே உறைத்தது. கத்தி அப்படியே நின்றது. கட்டிலுக்கு இந்தப்புறம் அவள், அந்தப்புறம் அவர், இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அவள் குனிந்து, இரண்டு விரலால் அப்பாவின் குழிந்த கன்னத்தை இழுத்துப் பிடித்தாள். சோப்பு நுரை மணிக்கட்டில் வழிந்தது.

“இன்னும் கொஞ்சம் மேல பிடிம்மா,” என்றார் அவர்.