சுண்டுவிரலின் கடைசிக் கணு

பெண் பார்க்கப் போனவனுக்கு யாராவது பரீட்சை வைப்பார்களா? தனிஸ்லாஸ் வாத்தியார் வைத்தார். மிஷன் பள்ளியில் முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த மனுஷர். ‘மேக் அப்’ என்ற சொல்லுக்கு உள்ள அர்த்தம் அத்தனையும் சொல்பவனுக்குத்தான் மகள் சகாயமேரி என்று அறிவித்திருந்தார். ஏற்கெனவே இரண்டு பேர் தோற்றுத் திரும்பியாயிற்று. 1936இல் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வந்து மூன்றாவதாக மாட்டியவன் லாசராகிய நான்.

பலகாரத் தட்டு வைக்க வந்தவளை ஒரு தரம்தான் பார்த்தேன். சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு போனாள். இவளைக் கட்டாமல் ஊர் திரும்புவதில்லை என்று அப்போதே ஆகிவிட்டது.

“ம், ஆரம்பிங்க தம்பி,” என்றார் வாத்தியார். அர்த்தங்கள் எழுதிய நோட்டு மடியில் மூடிக் கிடந்தது. கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினார். விரலுக்கு மூன்று, மொத்தம் பன்னிரண்டு.

கதை கட்டுவது. சண்டை போட்டவர்கள் ராசியாவது. முகத்துக்குப் பவுடர் அப்புவது. மருந்து கலக்கிக் கொடுப்பது. படுக்கை விரிப்பது. விட்டுப்போனதை ஈடுகட்டுவது. ஒரு முடிவுக்கு வருவது. இப்படியே திக்கித் திணறிப் பதினொன்று சொல்லிவிட்டேன். அவருடைய கட்டைவிரல் சுண்டுவிரலின் கடைசிக் கணுவில் காத்து நின்றது.

“பன்னெண்டாவது?”

“தெரியல சார்.”

“இம்புட்டுத்தானா?”

மனுஷர் முகத்தில் என்ன சந்தோஷம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பைத் தேடி எழுந்தேன்.

அடுப்படியிலிருந்து சகாயமேரி வந்தாள். “அப்பா, நோட்டத் தெறந்து பாருங்க. எட்டுக்கு அடுத்து பத்துன்னு போட்டிருக்கு. மொத்தமே பதினொண்ணுதான்.”

வாத்தியார் பக்கத்தைப் புரட்டினார். பழைய நோட்டைக் கரையான் அரித்ததால், பெண் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிய சமயத்தில் அவள் நகலெடுத்துக் கொடுத்தது அது. கடைசி எண் பன்னிரண்டு என்று பார்த்துப் பூரித்துப்போனவர், நடுவில் உள்ளதை எண்ணிப் பார்க்கவே இல்லை.

“எழுதுறப்ப கண்ணு தவறிருச்சுப்பா,” என்றாள்.

அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து நோட்டை மூடினார். பிறகு, “ஒக்காருங்க மாப்ள, காப்பி ஆறுது,” என்றார்.

மூன்று ஞாயிறு மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, கல்யாணமும் முடிந்த மறுநாள் அவளிடம் கேட்டேன்.

“முன்னாடி வந்த ரெண்டு பேரும் எத்தனை சொன்னாங்க?”

“பதினொண்ணு.”

“அப்ப நீ என்ன செஞ்ச?”

“அடுப்படியிலேயே இருந்துட்டேன்,” என்றாள்.