உபயம் எழுத இடமில்லை

1

இந்தக் கதை ஒரு மின்விசிறியிலிருந்து பிறந்தது. ராமச்சந்திராபுரம் தொழிற்சாலை டவுன்ஷிப் ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு. தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் போயிற்று. இறக்கைகள் நின்றதும் சிவப்புப் பெயின்ட் எழுத்துகள் தெரிந்தன: 'உபயம்: தமிழர் மன்றம்.'* காற்று நின்றால்தான் கொடுத்தவர் பெயர் தெரியும்! கதை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கிடைத்தது பாதிதான்.

மீதிப் பாதி அந்த விசிறிக்குக் கீழே, அம்மாவின் மடியில் படுத்திருந்தது. ஐந்து வயது. பெயர் நீலா.

(* மன்றம் கொடுத்த சுவர்க்கடிகாரத்திலும் உபயம் உண்டு. தண்ணீர் டிரம்மின் மூடியிலும் உண்டு.)

2

வாரப் பத்திரிகைக்குக் கதை என்றால் முதல் வரியிலேயே பதற வைக்க வேண்டும். எழுதிப் பார்த்தேன்.

'வீல்!' என்று அலறினாள் கல்பகம். குழந்தையின் உதடுகள் நீலம் பாரித்து

அடித்துவிட்டேன். கல்பகம் அலறவில்லை. கழுத்து நிற்காத, உட்காராத, பேசாத குழந்தைக்குத் தினமும் சோறு ஊட்டுகிற தாய், புரையேறினால் அலறுவதில்லை. குப்புறச் சாய்த்து முதுகைத் தட்டுகிறாள். (குப்புறச் சாய்ப்பது சரியா? தெரியாது. அவளுக்கும் தெரியாது. இந்தத் 'தெரியாது' இன்னும் சில இடங்களில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஒழுங்காகச் சொல்கிறேன். மூளை வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகள் அந்த டவுன்ஷிப்பில் சில பேர் இருந்தார்கள். அவர்களைக் கவனிக்கவென்று படித்தவர் ஒருவரும் இல்லை. நீலா குடிக்கும் பால் சில சமயம் வழி தவறி நுரையீரலுக்குப் போய்விடும். காய்ச்சல், ஊசி, மறுபடி வார்டு. நர்ஸ் அலமு ஊட்டினால் மட்டும் கொஞ்சம் இறங்கும். அந்த அலமு, இப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கற்றுத் தரும் பத்து மாதப் பயிற்சிக்கு பம்பாய் போக விரும்பினாள். லீவு கிடைக்கும். செலவுக்குத்தான் வழியில்லை.

தமிழர் மன்றம் வருடாவருடம் நாடகம் போட்டு, வசூலை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கும். எண்பத்து நான்காம் வருட நாடகம் நான் எழுதியது. அதனால்தான், வசூலை என்ன செய்வது என்று பேச மன்றம் கூடிய ஞாயிற்றுக்கிழமை, மாரெட்பள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி நானும் போய் உட்கார்ந்திருந்தேன்.

3

வில்லன் வேண்டுமே. மன்றச் செயலாளர் ஸ்ரீனிவாசனுக்குக் கோடு மீசையும் தங்கப் பல்லும் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். உச்சிவெயிலில் சைக்கிள் மிதித்து, வீடு வீடாக டிக்கெட் விற்றவர் அவர்தான்.

"மோட்டார் வெச்ச கட்டில் ஒண்ணு வாங்கிடலாம்மா," என்றார் அலமுவிடம். "தலைமாட்டுல பித்தளைத் தகடு, மன்றத்துப் பேரு. யார் வந்தாலும் இதோன்னு காட்டலாம். உன்னைப் படிக்க வெச்சா உபயத்தை எங்கே எழுதறது?"

"என் நெத்தியில எழுதிக்கோங்க சார். நக்கோன்னா சொன்னேன்?"

அலமு லாலாகுடா ரயில்வே காலனியில் வளர்ந்தவள். 'வேண்டாம்' என்பது அவள் வாயில் 'நக்கோ' என்றுதான் வரும். கூட்டம் சிரித்தது. ஸ்ரீனிவாசனும் சிரித்தார்.

"கோவிச்சுக்காதே. பம்பாய்ல பெரிய வேலை கிடைச்சு அங்கேயே தங்கிட்டா? கட்டில் ராஜினாமா பண்ணாது, பாரு."

"கட்டில் சோறும் ஊட்டாது சார்."

"இத்தனை வருஷ சர்வீஸ். உனக்குத் தெரியாததா?"

அலமு நிமிர்ந்தாள். அவள் கண்களில் தீப்பொறி

இல்லை. தரையைத்தான் பார்த்தாள். முதல் வரிசையில் தலைமை டாக்டர் உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலை ஊரில் 'தெரியாது' என்று சபையில் சொன்னவருக்குப் பிரமோஷன் வராது.

"தெரியாது சார்," என்றாள். "நான் ஊட்டறது சரியா தப்பான்னே தெரியாது. போன மாசம் நீலாவுக்கு நிமோனியா வந்துதே, அது என் கையால வந்துதோன்னு இன்னும் பயமா இருக்கு."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

4

மன்றத்தில் எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். குடும்பத்துக்கு ஒரு கை. சமமாக வந்தால் செயலாளர் சொல்வது முடிவு. அதாவது, கட்டில்.

சமமாக வந்தது. (இது என் கைவரிசை. தொடர்கதைக்காரன் தராசைக் கண்டால் முள்ளை நடுவில் நிறுத்தாமல் விடமாட்டான். அடுத்து வருவதில் நான் கை வைக்கவில்லை.) ஒரே ஒரு வீடு பாக்கி. நீலாவின் அப்பா ரகுநாதன் ஷிப்டில் இருந்தார். அந்த வீட்டுக் கை, நீலாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கல்பகத்துடையது. அது அலமுவுக்காக எழாவிட்டால் கட்டில்தான்.

"நீ சொல்லும்மா. உன் குழந்தைக்காகத்தானே எல்லாம்," என்றார் ஸ்ரீனிவாசன்.

கல்பகம் அவரைப் பார்க்கவில்லை. "அலமு, நீ போயிட்டா பத்து மாசம் இவளுக்கு யாருடி ஊட்டுவா? நீ வரதுக்குள்ள இவளுக்கு ஏதாவது..."

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை.

"நீங்க வேண்டாம்னா நான் போகலேக்கா. இங்கேயே இருந்துடறேன்."

"இருந்தா மட்டும்? அப்பவும் உனக்குத் தெரியாதேடி."

5

முடிவு எழுத உட்கார்ந்தேன். நாடக மேடையில் நீலா எழுந்து இரண்டடி நடக்கிறாள், அரங்கம் அதிர்கிறது. பத்திரிகை ஆசிரியர் இதைத்தான் கேட்பார். கிழித்துவிட்டேன். அந்தப் பயிற்சி நடக்க வைப்பதற்கில்லை. ஒரு வாய் ரசஞ்சாதம் வழி தவறாமல் இறங்குவதற்கு.

அடுத்ததில் கட்டில் வந்தது. தகடு பளபளத்தது. கரண்ட் போனது. மோட்டார் நின்ற கட்டிலில் யாரைப் படுக்க வைப்பது என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றில் அலமு படித்து முடித்துத் திரும்புகிறாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து பெட்டியோடு நேரே கல்பகத்தின் வீட்டுக்கு வருகிறாள். கதவைத் தட்டுகிறாள். உள்ளேயிருந்து

பேனா அங்கேயே நின்றுவிட்டது.

6

ஆகவே மன்றத்துக்கே திரும்புகிறேன். எல்லோரும் கல்பகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அலமு சுவரோரம் நின்று மின்விசிறியைப் பார்க்கிறாள்.

கல்பகத்தின் ஒரு கை நீலாவின் பிடரியைத் தாங்கியிருக்கிறது. மறு கை தாடையைப் பிடித்திருக்கிறது. எதை எடுத்தாலும் தலை தொங்கிவிடும். அவள் கை தூக்க வேண்டுமானால், குழந்தையை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் பக்கம் திரும்பிவிட்டாள்.

வாங்கிக்கொள்ளுங்கள்.

மெதுவாக. கழுத்துக்குக் கீழே கை கொடுங்கள். கொஞ்சம் மேலேயா, கீழேயா? எனக்குத் தெரியாது.

உங்களுக்கு?